விடுவித்த மீன் பிழைக்க வேண்டுமானால்: திருகோணமலையில் பெருமீன் தூண்டிலுக்குப் புதியவர்களுக்கு

வாடைக் காற்று ஓய்ந்து பங்குனியில் கடல் அமைதியடையத் தொடங்கியதும், உப்புவெளி, நிலாவெளி, குச்சவெளிக் கரைகளிலிருந்து தூண்டில் கோல்களோடு பயணிகளை ஏற்றிய படகுகள் ஆழ்கடலை நோக்கிப் புறப்படுகின்றன. கொட்டியாரக் குடாவின் வாயிலிலேயே கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று தொடங்கி நூற்றுக்கணக்கான பாகம் (ஒரு பாகம் ஆறடி) ஆழத்துக்கு இறங்குவதால், வேறு ஊர்களில் வெகுதூரம் ஓடித் தேட வேண்டிய ஆழத்தை இங்கே கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலை கண்ணுக்குத் தெரியும் தூரத்திலேயே எட்டிவிடலாம். தளப்பத்து எனப்படும் மயில் மீனும், கொப்பரை என்று நம்மவர் சொல்லும் மார்லினும், மஞ்சள் துடுப்புச் சூரையும், பெரும்பாரையும் சிறிய ஃபைபர் படகுக்கும் அகப்படுவது இதனால்தான்.

இப்படகுகளில் வரும் பயணிகளில் பலர் மீனைக் கரைக்குக் கொண்டுவர விரும்புவதில்லை. பிடித்து, படம் எடுத்து, திரும்பக் கடலில் விடவே வருகிறார்கள். தொழில் செய்து பழகிய பெரியவர்கள் இதைப் பார்த்து, "விடுறதுக்கு ஏன் தம்பி பிடிக்கிறியள்?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி நியாயமானது. அதற்கு நேர்மையான பதில் ஒன்றுதான் இருக்க முடியும். விட்ட மீன் பிழைத்து, வளர்ந்து, முட்டையிட்டால் அந்த விளையாட்டுக்கு ஓர் அர்த்தம் உண்டு. விட்டபின் அது செத்துப்போனால், ஒரு வீட்டின் சட்டிக்கும் போகாமல் கடலுக்கும் பயன்படாமல் ஒரு பெரிய மீன் வீணாகிறது. எனவே, மீனை விடுவது என்று தீர்மானித்த படகுக்காரருக்கு அதை உயிரோடு விடும் கடமையும் சேர்ந்தே வருகிறது. வாலை அடித்துக்கொண்டு ஆழத்துக்குள் மறைந்த மீன் தப்பிவிட்டது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அது அடுத்த சில மணி நேரத்தில் சாகுமா, பிழைக்குமா என்பது அந்தக் கணத்தில் தீர்மானிக்கப்படுவதில்லை. பெரும்பாலும் கரையில் தூண்டில் முள்ளைத் தெரிவு செய்தபோதே தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது.

மீனின் உடலில் நடப்பது

படிகளுக்குள் போகுமுன் இதை விளங்கிக்கொள்வது நல்லது, ஏனெனில் கீழே சொல்லப்படும் ஒவ்வொன்றும் இதிலிருந்தே வருகிறது. மயில் மீன், மார்லின், சூரை ஆகியவை நின்ற இடத்தில் மூச்சுவிட இயலாதவை. குளத்து மீனைப்போல் செவுள் மூடியை அசைத்து வேண்டிய நீரை உள்ளிழுக்க அவற்றால் முடியாது. வாயைச் சற்றே திறந்தபடி முன்னோக்கி நீந்தும்போது பூக்களின் (செவுள் இதழ்களின்) ஊடாகப் பாயும் நீரிலிருந்துதான் ஒட்சிசன் கிடைக்கிறது. நீந்துவது நின்றால் மூச்சும் நின்றுவிடும்.

தூண்டிலில் மாட்டிய மீன் முழு வேகத்தில் ஓடித் துள்ளும்போது அதன் வெள்ளைத் தசைகள் ஒட்சிசன் இல்லாமலே சக்தியைச் செலவிடுகின்றன. அப்போது இலத்திக் அமிலம் தசைகளில் சேர்ந்து குருதியில் கலந்து, குருதியின் அமிலத்தன்மையைக் கூட்டிவிடுகிறது. போராட்டம் நீள நீள இந்தச் சுமை கூடுகிறது. அதிலிருந்து மீளப் பல மணி நேரம் வேண்டும். நமது கடலின் மேற்பரப்பு நீர் சித்திரை, வைகாசி மாதங்களில் 30 பாகை செல்சியசை நெருங்கும். வெந்நீரில் கரைந்திருக்கும் ஒட்சிசன் குளிர்நீரில் உள்ளதைவிடக் குறைவு, அதேவேளை மீனின் உடல் கேட்கும் ஒட்சிசன் அதிகம். ஆகவே குளிர்க்கடல் நாடுகளில் எழுதப்பட்ட அறிவுரைகளை இங்கே இன்னும் கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டும்.

களைத்த மீனை அந்த நேரத்தில் நீரிலிருந்து தூக்கினால், நீரில் விரிந்து நிற்கும் பூ இதழ்கள் காற்றில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. ஒட்சிசன் அதிகம் தேவைப்படும் நேரத்தில் அதைப் பெறும் வழி அடைபடுகிறது. மேலும் கடலில் தாங்கப்பட்டே வாழ்ந்த உடல், படகின் விளிம்பில் தன் எடையாலேயே நசுங்குகிறது.

இவை வெறும் ஊகங்கள் அல்ல. மீனின் முதுகில் பொருத்தும் செயற்கைக்கோள் பட்டிகள், அது நீந்தும் ஆழத்தையும் நீரின் வெப்பத்தையும் ஒளியையும் பதிவு செய்து, குறித்த நாளில் கழன்று மிதந்து, செய்தியை விண்ணுக்கு அனுப்புகின்றன. மீன் ஏறி இறங்கி நீந்தியதா, அடிக்குப் போய் அசையாமல் கிடந்ததா என்பதை அந்தப் பதிவிலிருந்து அறியலாம். மேற்கு அட்லாண்டிக்கில் வெள்ளை மார்லின்களை வைத்துச் செய்து 2005இல் வெளியான ஆய்வொன்றில், கூர் உள்நோக்கி வளைந்த வட்ட முள்ளில் பிடித்து விட்ட 20 மீன்களும் பிழைத்தன. ஜே வடிவ முள்ளில் பிடித்து விட்ட 20இல் 13 மட்டுமே பிழைத்தன. அதே இனத்தில் பின்னர் செய்த இன்னோர் ஆய்வில், சில நிமிடங்கள் காற்றில் வைத்திருந்து விட்ட மீன்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சில நாட்களுக்குள் செத்தன. நீரைவிட்டு வெளியே எடுக்காமல் விட்டவற்றிலோ இறப்பு மிகச் சொற்பம். இந்த இரண்டு முடிவுகளையும் மனதில் நிறுத்தினால் போதும், பாதி வழிகாட்டி முடிந்துவிட்டது.

முதற்படி: கரையில் முள்ளைத் தெரிவு செய்தல்

முரல், கும்பளா போன்ற இரைகளைக் கோர்த்து மிதக்கவிட்டோ மெதுவாக இழுத்தோ பிடிப்பதானால் வட்ட முள்ளைத் தவிர வேறெதையும் பயன்படுத்த வேண்டாம். வட்ட முள்ளின் கூர் வெளியே நீட்டிக்கொண்டிராமல் தண்டை நோக்கி உள்பக்கமாக வளைந்திருக்கும். மீன் இரையை விழுங்கிவிட்டுத் திரும்பி ஓடும்போது, அந்த முள் தொண்டையிலோ வயிற்றிலோ குத்தாமல் வழுக்கி வந்து, வாயின் ஓரத்தில் தாடை மூலையில் திரும்பிப் பிடித்துக்கொள்ளும். ஜே முள் அப்படியல்ல. தொண்டை, பூ, வயிறு, சில வேளை கண்ணின் பின்புறம் என்று எங்கே முதலில் பட்டதோ அங்கே ஏறிவிடும். அமெரிக்காவில் அட்லாண்டிக் கடலில் நடக்கும் மார்லின், மயில் மீன் போட்டிகளில் இயற்கை இரை கோர்த்தால் வட்ட முள்தான் என்பது 2008 முதல் சட்டமாகவே இருக்கிறது.

கடையில் வட்ட முள் என்று விற்பவை எல்லாம் ஒன்றல்ல. முள்ளைத் தட்டையான மேசையில் வைத்துப் பாருங்கள். முழுவதும் படிந்து கிடந்தால் அது நேர் முள். கூர்ப்பக்கம் ஒருபுறம் தூக்கி நின்றால் அது கோணல் முள். கோணல் கூடியதில் வட்ட முள்ளின் நன்மை பெரும்பகுதி போய்விடும், ஆகையால் நேர் முள்ளையே வாங்குங்கள். துருப்பிடிக்காத எஃகு முள்ளை விலக்குங்கள். ஏதோ காரணத்தால் முள் மீனுக்குள் தங்கிவிட்டால், சாதாரண இரும்பு முள் காலப்போக்கில் துருவால் அரித்து விழும். முள்ளின் பின்செதுக்கை (கூருக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் சிறு கொம்பை) குறட்டால் நசுக்கிவிடுவது நல்லது. கழற்றும் நேரம் குறையும். நமது கையில் ஏறினாலும் இலகுவாக வெளியே வரும்.

இரையைக் கோர்க்கும் முறையும் முக்கியம். முள்ளை இரையின் உடலுக்குள் புதைத்தால் அது திரும்பிப் பிடிக்க இடமிருக்காது. இரையின் தலைக்கு மேலே நூலால் ஒரு சிறு கட்டுப் போட்டு, முள்ளை அந்தக் கட்டில் மாட்டி, அதன் வாய் முழுவதும் வெளியே தெரியும்படி விடுங்கள்.

செயற்கை இரையை இழுத்துச் செல்பவர்கள் இரட்டை முள்ளைக் கைவிட்டு ஒற்றை முள் வைப்பது நல்லது, ஏனெனில் வாயில் ஏறாத இரண்டாவது முள்தான் மீன் திமிரும்போது கண்ணையும் பூவையும் கிழிக்கிறது. பாரைக்கு எறியும் மிதப்பு இரைகளில் வரும் மும்முட்களையும் அவ்வாறே ஒற்றை முள்ளாக மாற்றிக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: போராட்டத்தைச் சுருக்கும் சாமான்கள்

மெல்லிய நூலில் பெரிய மீனைப் பிடிப்பது திறமை என்ற எண்ணம் தூண்டில்காரரிடையே உண்டு. மீனை விட நினைப்பவருக்கு அந்தப் பெருமை ஆகாது. மெல்லிய நூல் என்றால் நீண்ட போராட்டம். நீண்ட போராட்டம் என்றால் குருதியில் அமிலம். நமது கடலில் மயில் மீனுக்கு 15 முதல் 24 கிலோ வரை தாங்கும் நூலும், மார்லின் வரக்கூடிய ஆழத்துக்கு 37 கிலோவோ அதற்கு மேலோ தாங்கும் நூலும் பொருத்தமானவை. ரீலின் இழுவிசையை (நூல் வெளியே ஓடாமல் ரீல் பிடிக்கும் பிடியை) கைப்பதமாக வைக்காமல், கரையிலேயே வில் தராசை நூலில் மாட்டி இழுத்துப் பார்த்து, நூல் தாங்கும் எடையின் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை அமையுங்கள். 24 கிலோ நூலானால் 6 முதல் 8 கிலோ. நூலின் முனையில் தடித்த தங்கூசியை (நைலான் நூலை) லீடராகச் சேர்க்க வேண்டும். மயில் மீனின் சொரசொரப்பான அலகு மெல்லிய நூலை நொடியில் அரித்துவிடும்.

நீண்ட மூக்குக் குறடு, முள் கழற்றும் கோல், நூல் வெட்டும் கத்தி, கையுறைகள், மென்மையான கயிறு ஒரு துண்டு ஆகியவற்றை மீன் வரும் பக்கத்தில் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். மீன் படகோரத்தில் கிடக்கும்போது குறட்டைப் பெட்டிக்குள் தேடுவது, மீனின் ஆயுளில் கை வைப்பதாகும். மீனைக் குத்தித் தூக்கும் கொளுக்கி படகில் இருந்தால் அதை எஞ்சினுக்குப் பின்னால் ஒதுக்கிவிடுங்கள். பழக்கதோஷத்தில் யாரும் எடுத்துக் குத்திவிடக் கூடாது.

மூன்றாம் படி: புறப்படுமுன் கதைத்துக்கொள்ளுதல்

பயணிகளில் பெரும்பாலோர் மீனை மடியில் வைத்துப் படம் எடுக்கும் ஆசையோடு வருகிறார்கள். அந்த ஆசையை மீன் மாட்டிய பிறகு மறுப்பது கடினம். கரையிலேயே சொல்லிவிடுவது எளிது. "மீனை நாங்கள் உள்ளே தூக்க மாட்டோம், தண்ணீருக்குள் வைத்தே படம் எடுத்துத் தருவோம்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். நீர் புகாத உறையில் போட்ட கைப்பேசியை நீருக்குள் பிடித்து எடுத்தால், நிறம் மாறும் மயில் மீனின் படம் படகுத் தளத்தில் வெளிறிக் கிடக்கும் மீனின் படத்தைவிட எத்தனையோ மடங்கு அழகாக வரும். இதை ஒருமுறை காட்டினால் பயணி மறுபடி கேட்க மாட்டார்.

படகில் யார் எஞ்சினில் இருப்பது, யார் லீடரைப் பிடிப்பது, யார் படம் எடுப்பது என்பதையும் அப்போதே பிரித்துக்கொள்ளுங்கள். மூன்று பேரும் ஒரே பக்கத்தில் எட்டிப் பார்க்கும் சிறு படகில் மீனுக்கும் ஆபத்து, மனிதருக்கும் ஆபத்து. கச்சான் காற்று பலமாக வீசும் நாட்களில் அது படகைக் கரையிலிருந்து வெளியே தள்ளும் என்பதையும் மறக்கக் கூடாது. மீனின் பின்னால் ஓடும் கவனத்தில் எண்ணெய்க் கணக்கு தவறிவிடும்.

நான்காம் படி: மீன் இரையை எடுத்ததும்

கைத்தூண்டிலில் பழகியவர்களுக்கு இதுவே கடினமான படி. மீன் தொட்டவுடன் நூலை வெடுக்கென வெட்டி இழுக்கும் பழக்கம் கையில் ஊறியிருக்கும். வட்ட முள்ளை வெட்டி இழுத்தால் அது திரும்புவதற்குமுன் வாயிலிருந்து வெளியே வந்துவிடும். மீன் இரையோடு ஓடட்டும். சில நொடி பொறுத்து, இழுவிசையைப் படிப்படியாகக் கூட்டி, கோலை நீரை நோக்கித் தாழ்த்தி, சீராகச் சுற்றுங்கள். நூல் இறுகும்போது முள் தானாகவே தாடை மூலையில் ஏறும். பயணி ஆர்வத்தில் கோலைப் பின்னால் எறிந்து இழுக்கப் பார்ப்பார். அவரருகில் நின்று நிதானப்படுத்த வேண்டியது நீங்கள்.

மீன் மாட்டியதும் மற்ற நூல்களை உள்ளே எடுத்துவிட்டு, படகை மீனின் திசைக்குத் திருப்புங்கள். போராட்டத்தின் நீளத்தைத் தீர்மானிப்பது கோல் பிடித்தவரின் பலத்தைவிட எஞ்சினில் இருப்பவரின் அறிவே. மீன் முன்பக்க ஓரத்தில், படகுக்குச் சற்று விலகி இருக்கும்படி தொடர்ந்து போனால் நூலை வேகமாக மீட்கலாம். மீன் நேரே கீழே இறங்கி அசையாமல் நின்றால், படகை முன்னே ஓட்டி நூலின் கோணத்தைச் சாய்த்து இழுத்தால் அது மேலெழும். அப்படியே செங்குத்தாக நின்று மணிக்கணக்கில் இழுப்பது மீனையும் மனிதரையும் ஒருசேர வதைப்பதாகும். சரியான சாமான்களோடு ஒரு மயில் மீன் 20 நிமிடத்துக்குள் படகோரம் வந்துவிட வேண்டும். அதைத் தாண்டினால் இழுவிசை தளர்ந்திருக்கிறது, அல்லது படகு தன் வேலையைச் செய்யவில்லை. பயணி களைத்துவிட்டால் கோலை இன்னொருவரிடம் கொடுக்கச் சொல்வதில் தவறேதும் இல்லை.

ஐந்தாம் படி: படகோரத்தில்

படகோரத்துக்கு வந்த மயில் மீனைக் கவனித்துப் பாருங்கள். சண்டையின்போது வெண்கல நிறமும் கருநீலமுமாக மின்னிய பக்கங்களில் செங்குத்தான வெளிர்நீலக் கோடுகள் தெரியும். களைப்பு முற்றினால் அந்தக் கோடுகள் மங்கி, உடல் முழுவதும் சாம்பல் பூத்த பழுப்பாகிவிடும். முதுகுப் பாய் மடிந்து உடலோடு ஒட்டியிருக்கும். கண் மட்டும் பெரிதாக, நமது அசைவைத் தொடர்ந்து திரும்பிக்கொண்டிருக்கும். அந்தக் கண் திரும்புவதை நிறுத்திவிட்டால் நேரம் மிகக் குறைவு என்று பொருள்.

எஞ்சினை நிறுத்த வேண்டாம். முன் கியரில் மிக மெதுவாக, நடைவேகத்தில் படகு முன்னேறிக்கொண்டே இருக்க வேண்டும். அப்போதுதான் மீனின் வாய்க்குள் நீர் புகுந்து பூக்களின் வழியே வெளியேறும். லீடரைப் பிடிப்பவர் கையுறை அணிந்திருக்க வேண்டும். அனுபவப்பட்ட தண்டையல்கள் (படகுத் தலைவர்கள்) புதியவருக்கு முதலில் சொல்வது, "தம்பி, நூலைக் கையிலை சுத்தாதை" என்பதுதான். சுற்றிய கையோடு மீன் திடீரென்று பாய்ந்தால் மனிதரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்து, வேண்டிய கணத்தில் விட்டுவிடக்கூடியபடி இருங்கள்.

அலகைப் பிடிக்கும்போது இரு கைகளின் பெருவிரல்களும் ஒன்றையொன்று நோக்கியிருக்கட்டும். அப்படிப் பிடித்தால், மீன் துள்ளும்போது அதைத் தள்ளிவிட்டு உடலை விலக்கிக்கொள்ளலாம். அலகு படகின் முன்பக்கத்தை நோக்கி, படகுக்கு இணையாக இருக்க வேண்டும். ஒருபோதும் உங்கள் முகத்தையோ வயிற்றையோ நோக்கியிருக்கக் கூடாது. துள்ளி அடங்காத மீனை இன்னும் சற்று நேரம் லீடரிலேயே ஓடவிடுவது மேல். பெரிய மார்லினாக இருந்தால் புதியவர் அலகைத் தொடவே வேண்டாம். முள்ளுக்கு மிக அருகில் லீடரை வெட்டிவிடுவது போதும். கையுறையோ துணியோ உலர்ந்திருந்தால் அதை நனைத்துக்கொண்டே மீனைத் தொடுங்கள், ஏனெனில் உடலில் படிந்திருக்கும் வழுவழுப்பான படலம் உரிந்தால் அந்த இடத்தில் நோய் பற்றும். பூவுக்குள் விரலை விடுவதும், வாலில் தொங்கவிடுவதும் ஆகவே ஆகாது.

முள் தாடை மூலையில் தெரிந்தால், ஏறிய வழியே குறட்டால் பின்னோக்கித் தள்ளிக் கழற்றுங்கள். ஒரு முயற்சியில் வராவிட்டால் லீடரை முள்ளோடு ஒட்ட வெட்டிவிடுங்கள். முள் தொண்டைக்குள் இருந்தால் முயற்சியே வேண்டாம். இழுத்துக் கழற்றும்போது ஏற்படும் காயம், உள்ளே விட்ட முள்ளைவிடக் கொடியது. நீண்ட நூல் தொங்கும்படி மட்டும் விடக் கூடாது. அது வாலிலும் பூவிலும் சுற்றிக்கொள்ளும். சில வேளை வாய்க்கு வெளியே இளஞ்சிவப்புப் பை ஒன்று தள்ளிக்கொண்டு நிற்பதைக் காண்பீர்கள். அது மீனின் இரைப்பை. வேண்டாததை வெளியேற்ற இம்மீன்கள் தாமாகவே இரைப்பையை வெளியே தள்ளித் திரும்ப விழுங்கக்கூடியவை. அதை வெட்டவும் வேண்டாம், கையால் உள்ளே திணிக்கவும் வேண்டாம்.

ஆறாம் படி: விடுதல்

மீன் உறுதியாக வாலை அடித்துக்கொண்டு, நிறத்தோடு இருந்தால் உடனே விட்டுவிடுங்கள். அதைப் பிடித்து வைத்து "ஆற்றுவது" தேவையற்ற தாமதம். பக்கவாட்டில் சாய்ந்து தளர்ந்த மீனுக்கே ஓட்டம் கொடுக்க வேண்டும். அலகைப் பிடித்து, தலை முழுவதும் நீருக்குள் இருக்கும்படி தாழ்த்தி, படகை மெதுவாக முன்னே ஓட்டுங்கள். முன்னும் பின்னும் ஆட்டுவதைப் பலர் செய்கிறார்கள், அது தவறு. நீர் வாயால் புகுந்து பூவால் வெளியேறுவதுதான் முறை, பின்னோக்கி இழுத்தால் அந்தப் பாய்ச்சல் தடைப்படும். ஓரிரு நிமிடத்தில் திரும்பலாம், பத்து நிமிடமும் ஆகலாம். முதலில் கண் அசையும். பின் உடலில் நிறம் ஊறி, நீலக் கோடுகள் ஒவ்வொன்றாகத் தெளியும். அதன்பின் வால் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் முழு வீச்சோடு அடிக்கத் தொடங்கி, அலகு உங்கள் கையை இழுக்கும். அப்போது விடுங்கள். எஞ்சின் இருக்கும் பின்பக்கத்துக்கு மீன் போகாதவாறு, விடும் கணத்தில் கியரை நடுநிலைக்குக் கொண்டுவந்து, படகின் பின்பகுதியை மீனிலிருந்து விலக்குங்கள்.

சுறாக்கள் சுற்றுவது தெரிந்தால் களைத்த மீனை அங்கே விடுவது அதைக் கையால் ஊட்டுவதாகும். ஓட்டம் கொடுத்தபடியே அவ்விடத்திலிருந்து விலகிச் சென்று விடுங்கள். அன்றைய மீன்பிடியையும் வேறிடத்துக்கு மாற்றுங்கள்.

மற்ற மீன்கள்

சூரையின் உடல் சுற்றியுள்ள நீரைவிடச் சூடானது. போராட்டத்தில் அது இன்னும் சூடேறும். அதை நீருக்குள் வைத்தே முள்ளைக் கழற்றித் தலைகீழாக ஆழத்தை நோக்கி வேகமாகச் செலுத்திவிடுவது நல்ல வழி, அந்தப் பாய்ச்சலில் பூக்களுக்குள் நீர் புகுந்துவிடும். பெரும்பாரை பலமான மீன். ஆயினும் பாறைக்கு அருகே மாட்டுவதால் கடும் இழுவிசையோடு விரைவில் எடுக்க வேண்டும். தூக்கித்தான் ஆக வேண்டுமென்றால் வயிற்றின் கீழ் ஒரு கையும் வாலடியில் ஒரு கையும் கொடுத்துக் கிடையாக, சில நொடிகள் மட்டும் தூக்குங்கள்.

ஆழத்துப் பாறையிலிருந்து வரும் கலவாய் போன்றவற்றின் சிக்கல் வேறு. மேலே வரும்போது அழுத்தம் குறைந்து காற்றுப்பை ஊதி, கண் பிதுங்கி, மீன் மேற்பரப்பில் மிதக்கும். தானாகக் கீழே போகாது. வயிற்றில் ஊசி குத்திக் காற்றை விடுவது பழகாத கையில் குடலைக் கிழிக்கும். பின்செதுக்கு நீக்கிய முள்ளை ஈயத்தோடு சேர்த்துத் தலைகீழாகக் கட்டி, அதைக் கீழ்த்தாடையில் மாட்டி மீனை ஆழத்துக்கு இறக்கி, அங்கே நூலைச் சுண்டிக் கழற்றுவது மேலான முறை. அதைவிடவும் மேலானது, விடும் எண்ணத்தோடு ஆழத்தில் தூண்டில் போடாதிருப்பது.

சுறா மாட்டினால் வாலில் கயிறு போட்டு இழுக்கவோ உள்ளே ஏற்றவோ வேண்டாம். நூலை முள்ளுக்கருகில் வெட்டிவிடுங்கள். உடலளவு நீண்ட வாலுடைய கசைவால் சுறாவைப் பிடிப்பது இலங்கையில் 2012 முதல் தடை. அதன் வாலில் முள் ஏறிப் பின்பக்கமாக இழுபட்டு வந்தால், நீர் பூவுக்குள் புகாமல் அது மூச்சடைத்துச் சாகக்கூடும். தாமதமின்றி வெட்டிவிட வேண்டும். துடுப்பு முனைகள் வெண்மையான ஆழ்கடல் சுறாவுக்கும் திமிங்கிலச் சுறாவுக்கும் 2015இல் தடை வந்தது. மார்லின், மயில் மீன் வகைகளில், கீழ்த்தாடை நுனியிலிருந்து வாற்பிளவு வரை 60 சென்ரிமீற்றருக்குக் குறைந்தவற்றை வைத்திருக்கக் கூடாதென்று இந்து சமுத்திரச் சூரை ஆணைக்குழு 2018இல் தீர்மானித்தது. நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத் தீவு 2003 முதல் தேசியப் பூங்கா. அதன் எல்லைக்குள் தூண்டிலே போடக் கூடாது.

பிழைக்காது என்று தெரிந்த மீன்

பூ கிழிந்து குருதி வடியும் மீனுக்கும், நீண்ட நேரம் ஓட்டம் கொடுத்தும் கண் அசையாத மீனுக்கும் பிழைக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. அதைக் கடலில் தள்ளிவிட்டு "விட்டோம்" என்று கணக்கில் சேர்ப்பது எனக்கு உடன்பாடில்லை. சட்டம் அனுமதிக்கும் இனமாகவும் அளவாகவும் இருந்தால், உடனே தலையில் அடித்துக் கொன்று, குருதியை வடித்து, ஐஸில் வைத்துக் கரைக்குக் கொண்டுவாருங்கள். தளப்பத்தின் இறைச்சியை வேண்டாமென்று சொல்லும் வீடு திருகோணமலையில் இல்லை. இப்படி நடக்கக்கூடும் என்பதையும் பயணியிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

குறிப்பேடு

விட்ட ஒவ்வொரு மீனுக்கும் நாள், இடம், இனம், ஏறக்குறைய நீளம், முள் ஏறிய இடம், போராடிய நேரம், விட்டபோது இருந்த நிலை ஆகியவற்றை எழுதிவையுங்கள். நீளத்தை அளக்க மீனைத் தூக்க வேண்டியதில்லை. படகின் விளிம்பில் முன்கூட்டியே கோடுகள் வரைந்து வைத்தால், ஓரத்தில் நீந்தும் மீனை அதனோடு ஒப்பிடலாம். ஒரு பருவம் முழுவதும் எழுதினால், எந்த இரையில், எந்த முள்ளில் தொண்டைக் காயம் கூடுகிறது என்பது உங்கள் கையெழுத்திலேயே தெரிந்துவிடும்.

மீனின் முதுகருகே சிறு பிளாஸ்ரிக் குழாய்போல் ஏதாவது தொங்கினால் அது ஆய்வாளர் குத்திய அடையாளப் பட்டி. 1954இல் அமெரிக்காவின் வுட்ஸ் ஹோலில் ஃபிராங்க் மேதர் பெருமீன்களுக்குப் பட்டி குத்தும் திட்டத்தைத் தொடங்கியபோது, தூண்டில்காரரின் உதவியை நம்பியே தொடங்கினார். இந்து சமுத்திரத்திலும் 2005 முதல் 2007 வரை 1,60,000க்கும் மேற்பட்ட சூரைகளுக்குப் பட்டி குத்தினார்கள். மீன் எங்கே போனது, எவ்வளவு வளர்ந்தது என்ற தகவல், அவற்றை மறுபடி பிடித்தவர்கள் திருப்பிக் கொடுத்த பட்டிகளிலிருந்தே கிடைத்தது. விடும் மீனில் பட்டியைக் கண்டால் எண்ணைப் படமெடுத்துக்கொண்டு, பட்டியைப் பிடுங்காமல் மீனை விடுங்கள். கொண்டுவந்த மீனில் இருந்தால் பட்டியைக் கழற்றி, நாள், இடம், நீளம் ஆகியவற்றோடு திருகோணமலை மாவட்டக் கடற்றொழில் அலுவலகத்தில் ஒப்படையுங்கள்.